ஒரு பெயராவது சொல்லுங்கள்

சில மாதங்களுக்கு முன் காலை நிகழ்ச்சியில் நேயர்களுக்கு ஒரு காற்பந்துப் புதிர்ப்போட்டி வைத்தோம். அன்று இரவு ஜொகூர் டாருல் தாசிம் ஆட்டம். அப்படிப்பட்ட நாளில் ஜொகூர் பாருவில் எதைப் பேசினாலும் பேச்சு காற்பந்தில் போய்த்தான் நிற்கும்.

முதல் சில கேள்விகளுக்கு அழைப்புகள் குவிந்தன. 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் எடுத்த கோல் காவலர் யார்? கேள்வியை முடிப்பதற்குள் 'ஆறுமுகம்' என்று பதில் வந்துவிட்டது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய நம் தற்காப்பு ஆட்டக்காரர்? 'எம். சந்திரன்' என்று சொன்ன பெரியவர், அவருடைய ஆட்டத்தை ஐந்து நிமிடம் விவரித்தார். நாங்கள்தான் விளம்பர இடைவேளை என்று சொல்லி அவரை நிறுத்த வேண்டியிருந்தது.

ஐந்தாவது கேள்வியை நான் சேர்த்திருந்தேன். மலேசியப் பெண்கள் தேசியக் குழுவில் ஆடிய, அல்லது இப்போது ஆடும், யாராவது ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள். யாராக இருந்தாலும் சரி. பரிசு, இரண்டு திரைப்பட நுழைவுச்சீட்டு.

ஒரு பாட்டுப் போனது. விளம்பரம் போனது. இன்னொரு பாட்டும் போனது. அப்புறம் ஸ்கூடாயிலிருந்து ஓர் அண்ணன் அழைத்தார். 'நிக்கோல் டேவிட்!'

'அண்ணே, அவங்க ஸ்குவாஷ்.'

'ஆமால்ல? பொண்ணுங்கன்னு சொன்னதும் அவங்கதான் ஞாபகத்துக்கு வந்தாங்க.'

அடுத்து மாசாயிலிருந்து ஓர் அக்கா, 'பண்டெலேலா ரினோங்' என்றார். அவர் ஒலிம்பிக் பதக்கம் வென்ற முக்குளிப்பு வீராங்கனை. அத்துடன் அழைப்புகள் நின்றுபோயின. நுழைவுச்சீட்டு எங்களிடமே தங்கிவிட்டது. நானும் உடன் அறிவிப்பாளரும் சிரித்துச் சமாளித்து அடுத்த பகுதிக்குப் போய்விட்டோம்.

நேயர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் முன்னால் இருந்த தாளில் 'ஸ்டெஃபி சார்ஜ் கோர்' என்று பதில் எழுதியிருந்தது. அண்மைக் காலத் தேசியக் குழுவின் தலைவி. முதல் நாள் இரவு இணையத்தில் தேடித்தான் அந்தப் பெயரை எழுதினேன். பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். காற்பந்து முடிவுகளை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அந்தத் தாளை எடுத்துவிட்டால் எனக்கும் ஒரு பெயர் தெரியாது.

அந்தக் கேள்வி என் தலைக்குள் வந்ததற்கு என் அண்ணன் மகள்தான் காரணம். அவளுக்குப் பன்னிரண்டு வயது. கூலாயில் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. ஓய்வு நேரத்தில் ஆண் பிள்ளைகளோடு சேர்ந்து பந்து உதைப்பாள். இடது காலால் உதைப்பதால் எப்போதும் இடது ஓரத்தில்தான் நிற்க வைப்பார்களாம். அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனால் ஆண் பிள்ளைகளோடு ஆட முடியாது, பெண்களுக்குத் தனிக் குழுவும் இல்லை. வார இறுதியில் சிறுமிகளுக்குப் பயிற்சி நடக்கும் ஓர் இடத்தை அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

அண்ணன் எனக்கு அழைத்தார். 'நீ சொன்னா கேப்பா. பக்குவமா எடுத்துச் சொல்லு. விளையாட்டுன்னா பூப்பந்து ஆடட்டும், நீச்சல் போகட்டும், நான் வேணாம்னு சொல்லல. காற்பந்துல பொம்பளப் புள்ளைக்கு என்ன எதிர்காலம் இருக்கு? நீயே சொல்லு.'

'தெரியலண்ணே. விசாரிச்சிச் சொல்றேன்' என்றேன். அவளை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று யோசிப்பதற்கு முன்னால், அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் என்ன என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். எதிர்காலத்தைத் தேடிப் போன எனக்கு ஐம்பது ஆண்டுகால இறந்தகாலம் கிடைத்தது.

நமக்குக் காற்பந்து ஆங்கிலேயர்களிடமிருந்து வந்தது. அவர்கள் ஊரில் பெண்கள் ஆடினார்களா? 1920-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் லிவர்பூலில் குடிசன் பார்க் அரங்கில் இரண்டு பெண்கள் குழுக்கள் மோதியபோது 53,000 பேர் பார்த்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம், தன் உறுப்பினர் கழகங்களின் திடல்களைப் பெண்களுக்குத் தரக் கூடாது என்று தடை போட்டது. காற்பந்து பெண்களுக்குப் பொருந்தாது என்று காரணமும் சொன்னது. அந்தத் தடை நீங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. தோட்டத்துத் திடல்களுக்குப் பந்து வந்து சேர்ந்தபோது, அது யாருடைய பந்து என்ற எண்ணமும் கூடவே வந்திருக்கிறது.

தடை முழுதாக நீங்குவதற்கு முன்பே ஆசியாவில் பெண்கள் தங்களுக்கென்று ஓர் அமைப்பை உருவாக்கிக்கொண்டார்கள். 1968-இல் ஹாங்காங்கில் ஆசியப் பெண்கள் காற்பந்துக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. தொடக்க உறுப்பினர்கள் ஹாங்காங், தைவான், சிங்கப்பூர், மலேசியா. நம் நாடு அந்த முதல் வரிசையில் இருந்தது. ஆண்களின் ஆசியக் கூட்டமைப்பு அவர்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளாத காலம் அது. அழைப்புக்குக் காத்திருக்காமல் ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

1975 ஆகஸ்ட்டு மாதம் ஹாங்காங்கில் முதல் ஆசியப் பெண்கள் கிண்ணப் போட்டி நடந்தது. நியூசிலாந்து, தாய்லாந்து, ஆஸ்திரேலியா, மலேசியா, ஹாங்காங், சிங்கப்பூர் என ஆறு நாடுகள். இறுதியாட்டத்தில் நியூசிலாந்து 3-1 என்று தாய்லாந்தை வென்றது. மூன்றாம் இடத்துக்கு மலேசியாவும் ஆஸ்திரேலியாவும் மோதின. நாம் தோற்று நான்காம் இடம் பிடித்தோம்.

இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜப்பானியப் பெண்கள் தங்கள் முதல் அனைத்துலக ஆட்டத்தை ஆடியதே 1981-இல்தான். இன்று உலகமே கொண்டாடும் ஆஸ்திரேலியப் பெண்கள் குழு, தன் அதிகாரபூர்வ வரலாற்றை நீண்ட காலமாக 1979-இல் நியூசிலாந்தோடு ஆடிய ஆட்டத்திலிருந்துதான் எண்ணி வந்தது. 1975-இல் ஹாங்காங் போய் வந்த ஆஸ்திரேலியப் பெண்களே தங்கள் நாட்டுக் கணக்கில் சேராமல் இருந்தார்கள். அந்த ஆண்டு நம் பெண்களும் அதே திடலில் நின்றிருந்தார்கள்.

1983-இல் பேங்காக்கில் இன்னும் ஒரு படி மேலே போனோம். தாய்லாந்து வெற்றியாளர், இந்தியா இரண்டாம் இடம், மலேசியா மூன்றாம் இடம். சிங்கப்பூருக்கு நான்காம் இடம். அப்போது போட்டியிட்ட நாடுகள் குறைவு, சீனாவும் ஜப்பானும் அந்தப் போட்டியில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இதனோடு இன்னொன்றையும் வைத்துப் பாருங்கள். நம் ஆண்கள் குழு ஆசியக் கிண்ணத்தில் 1976, 1980, 2007 ஆகிய ஆண்டுகளிலும், 2024 ஜனவரியில் கத்தாரிலும் ஆடியிருக்கிறது. ஒரு முறைகூட முதல் சுற்றைத் தாண்டியதில்லை. 2007-இல் மற்ற மூன்று நாடுகளோடு சேர்ந்து நாமே ஏற்று நடத்தியும் தாண்டவில்லை. ஆசியக் கிண்ணத்தில் மலேசியாவின் ஆகச் சிறந்த முடிவு பெண்களுடையது. இதை நான் வானொலியில் ஒரு நாளும் சொன்னதில்லை.

சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பல இரவுகள் அவற்றைப் புரட்டினேன். முடிவுகள் கிடைத்தன. எத்தனைக்கு எத்தனை என்பது கிடைத்தது. ஆட்டக்காரர்களின் முழுப் பெயரும் ஊரும் கிடைப்பதுதான் அரிதாக இருந்தது. ஆறுமுகத்தின் கை நீளத்தைப் பற்றி நம் வீட்டுத் தாத்தாக்கள் இன்றும் பேசுகிறார்கள். பேங்காக்கில் மூன்றாம் இடம் பிடித்தவர்களில் ஒருவருடைய பெயரைக்கூட நான் எந்த வீட்டுக் கூடத்திலும் கேட்டதில்லை.

1986 ஒரு திருப்பம். அந்த ஆண்டு பெண்களின் கூட்டமைப்பு, ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்போடு இணைந்தது. அப்போது அதன் பொதுச்செயலாளராக இருந்தவர், நெகிரி செம்பிலானில் பிறந்த நம்மவரான பீட்டர் வேலப்பன். 1978 முதல் 2007 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அதே 1986-இல் மெக்சிகோவில் நடந்த ஃபிஃபா மாநாட்டில் நார்வேயைச் சேர்ந்த எல்லன் வில்லே என்ற பெண்மணி எழுந்து, பெண்களுக்கும் ஓர் உலகக் கிண்ணம் வேண்டும் என்று கேட்டார். 1991-இல் சீனாவில் அது நடந்தது. 1996-இல் பெண்கள் காற்பந்து ஒலிம்பிக்கிலும் சேர்ந்தது.

கதவு திறந்துவிட்டது. இனி நமக்கு ஏறுமுகம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1993-இல் ஆசியப் பெண்கள் கிண்ணப் போட்டியை மலேசியாவே கூச்சிங்கில் ஏற்று நடத்தியது. சீனா, வட கொரியாவை 3-0 என்று வென்றது. ஜப்பானுக்கு மூன்றாம் இடம். 1995-இல் சியாங் மாயில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் நம் பெண்கள் வெள்ளிப் பதக்கம் வென்றார்கள். தங்கம் தாய்லாந்துக்கு. பதக்கப் பட்டியலில் அப்போது வியட்நாம் இல்லை.

இந்த இடத்தில் 1997-க்கு வருகிறேன். அது பெண்கள் ஆடிய ஆட்டமில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கதை அங்கேதான் இருக்கிறது.

அந்த ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், ஜொகூர் பாரு லார்க்கின் அரங்கில் ஜப்பானும் ஈரானும் மோதின. வென்றவருக்கு உலகக் கிண்ணத்தில் இடம். கூடுதல் நேரத்தில் மசாயுகி ஒகானோ அடித்த தங்க கோலால் ஜப்பான் 3-2 என்று வென்று முதல் முறையாக உலகக் கிண்ணத்துக்குப் போனது. ஜப்பானியர்கள் இன்றும் அந்த இரவை 'ஜொகூர் பாருவின் பேரானந்தம்' என்று சொல்கிறார்கள். அவர்கள் நாட்டுக் காற்பந்து வரலாற்றில் நம் ஊர்ப் பெயர் இருக்கிறது.

அன்று அப்பா அண்ணனைக் கூட்டிக்கொண்டு லார்க்கினுக்குப் போனார். நுழைவுச்சீட்டு கிடையாது. வெளியே நின்று இரைச்சலைக் கேட்டுவிட்டு, நீலச் சட்டை போட்ட ஜப்பானியர்கள் அழுதுகொண்டே கட்டிப்பிடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, நள்ளிரவுக்குப் பிறகு இருவரும் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பினார்கள். அண்ணன் அந்தக் கதையைச் சொல்லாத தீபாவளி கிடையாது. யாரோ ஒரு ஜப்பானியர் தன் கழுத்துத் துண்டை அண்ணன் தோளில் போட்டுவிட்டுப் போனாராம். அது இன்னும் அவர் அலமாரியில் இருக்கிறது.

என்னை ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை என்று நான் அப்பாவைக் கேட்டதில்லை. எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவே இல்லை. மோட்டார் சைக்கிளின் பின் இருக்கை அண்ணனுடையது என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம்.

அப்பா குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். தோட்டக் குழுவுக்கு இடது ஓரத்தில் ஆடியவர். தோட்டத்துத் திடலைப் பற்றி நிறையச் சொல்வார். கோயிலுக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் தோட்டமே கூடிவிடுமாம். பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டப் போய், திரும்பி வந்து சமைத்து, துவைத்து, தண்ணீர் பிடித்து, பிள்ளைகளைப் பார்த்து முடிக்கும்போது பொழுது இறங்கியிருக்கும். திடல் எல்லாருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. நேரம் பொதுவாக இல்லை.

எனக்கு நேரம் இருந்தது. நான் இடைநிலைப்பள்ளியில் படித்தபோது உடற்கல்வி நேரத்தில் ஆண் பிள்ளைகள் திடலுக்குப் போவார்கள், பெண் பிள்ளைகள் வலைப்பந்துத் தளத்துக்குப் போவோம். நானும் போனேன். பள்ளிக் குழுவிலும் ஆடினேன். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவர் அதை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, நின்று அடுத்தவருக்குத் தர வேண்டும். பந்தோடு ஓடிவிட்டேன் என்று நடுவர் என்னைப் பிடித்த நாள்களே அதிகம். அதற்கு முன்பு தமிழ்ப்பள்ளியில் நானும் அண்ணனோடு பந்து உதைத்துக்கொண்டிருந்தவள்தான். வெயிலில் கறுத்துவிடுவேன் என்று அம்மா முணுமுணுத்தது உண்மை. ஆனால் யாரும் என்னை 'ஆடாதே' என்று தடுக்கவில்லை. 'ஆடுகிறாயா' என்று யாரும் கேட்கவும் இல்லை. படிவம் ஒன்றுக்குப் போன முதல் வாரத்திலேயே அது தானாக நின்றுபோனது. அது நின்றதை நானும் கவனிக்கவில்லை.

இப்படி நின்றுபோன பெண்களை யாரும் கணக்கெடுப்பதில்லை. தேசியக் குழு என்பது பதினொரு பேரைத் தேடிப் பிடிக்கும் வேலை என்று நினைக்கிறோம். அந்தப் பதினொரு பேர் வருவதற்குக் கீழே ஆயிரக்கணக்கான சிறுமிகள் வாராவாரம் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். 1980-களின் இறுதியில் ஜப்பான் தன் பெண்களுக்குத் தனி லீக் தொடங்கியது. ஆண்களின் ஜே லீக் அதற்குப் பிறகுதான் வந்தது. லார்க்கினில் அழுத அந்த நாட்டின் பெண்கள், 2011-இல் ஜெர்மனியில் அமெரிக்காவை வென்று உலக வெற்றியாளர்கள் ஆனார்கள். நம்மிடம் மாநிலங்களுக்கிடையிலான துன் ஷரிஃபா ரோட்சியா கிண்ணம் இருக்கிறது. முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானின் துணைவியார் பெயரில் அமைந்தது. சபாவில் பெண்கள் காற்பந்து வலுவாக வேர் பிடித்திருக்கிறது. தேசியக் குழுவில் ஆடிய ஜேசியா ஜுமிலிஸ் போன்றவர்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். ஆனால் தீபகற்பத்தில் ஒரு சராசரி இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பெண்ணுக்கு, திங்கள் முதல் வெள்ளி வரை ஆட ஓர் இடம் தேடிப் பாருங்கள். அப்போது தெரியும்.

விளைவு கண்முன்னே இருக்கிறது. 2006 முதல் நடந்த எந்த ஆசியப் பெண்கள் கிண்ண இறுதிச் சுற்றிலும் மலேசியா இல்லை. 2017-இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் வியட்நாம் நம்மை 6-0 என்று வென்று தங்கத்தைத் தட்டிச் சென்றது. அதே வியட்நாம் 2023 உலகக் கிண்ணத்தில் ஆடியது. பிலிப்பைன்ஸும் ஆடியது. அதுமட்டுமா, போட்டியை ஏற்று நடத்திய நியூசிலாந்தை வெலிங்டனில் 1-0 என்று வென்றது. 1975-இல் ஆசியக் கிண்ணத்தைத் தூக்கிய அதே நியூசிலாந்து!

தோல்விக் கதையோடு முடிக்கவும் மனம் வரவில்லை. 1983-இல் நமக்கு ஒரு படி மேலே நின்ற இந்தியா, பிறகு நம்மைப்போலவே பின்தங்கிப் போனது. ஆனால் கீழே ஆட்டம் நின்றுவிடவில்லை. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர், இந்தியாவுக்கும் ஆடியவர். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய இறுதியாட்டத்தில், அசைக்க முடியாத மணிப்பூரைத் தமிழ்நாடு 2-1 என்று வென்றபோது கோல் அடித்தவர்களில் அவரும் ஒருவர். 2025 ஜூலையில் இந்தியா 2-1 என்று தாய்லாந்தை வீழ்த்தி 2026 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. ஆட்டம் நடந்த ஊர் சியாங் மாய். முப்பது ஆண்டுகளுக்கு முன் நம் பெண்கள் வெள்ளி வாங்கிய அதே சியாங் மாய்.

இவ்வளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூலாய்க்குப் போனேன். அண்ணி தேநீர் கலக்கிக் கொடுத்தார். அவள் அறைக்குள் இருந்தாள். கதவு முழுதாகச் சாத்தவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும்.

அண்ணனிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆண்கள் ஆசியக் கிண்ணத்தில் முதல் சுற்றைத் தாண்டியதில்லை, பெண்கள் மூன்றாம் இடம் பிடித்தார்கள் என்று சொன்னதும் அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

'நெசமாவா?'

'நெசம்தான். 1983.'

'நமக்கு ஏன் தெரியாமப் போச்சு?'

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில், ஒலிவாங்கி பிடிக்கும் நானும் ஒருத்தி. பேசாமல் இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார். 'சரி, பழைய கதை நல்லாத்தான் இருக்கு. நான் கேட்டது எதிர்காலம். இதை நம்பி அவ போனா நாளைக்கு என்ன?'

பொய் சொல்ல விருப்பமில்லை. 'காற்பந்து ஆடி இந்த நாட்டுல ஒரு பொண்ணு வீடு வாங்கலாம், கார் வாங்கலாம்னு என்னால சொல்ல முடியாதுண்ணே. நாட்டுக்கு ஆடுவாளான்னும் தெரியாது. நிறைய பேரு நாட்டுக்கு ஆடிட்டும் பேர் இல்லாமப் போயிருக்காங்க.'

'அப்புறம்? அதைத்தானே நானும் சொல்றேன்.'

'1997-ல அப்பா உன்னை லார்க்கினுக்குக் கூட்டிட்டுப் போனாரே, அது உன் எதிர்காலத்துக்காகவாண்ணே?'

அண்ணன் பதில் சொல்லவில்லை. அவர் இன்று ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். காற்பந்தால் அவருக்கு ஒரு காசு வரவில்லை. ஆனால் அந்த இரவு இல்லாத அண்ணனை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. அவருடைய நண்பர்கள், அவருடைய சனிக்கிழமைகள், அப்பாவைப் பற்றி அவர் பேசும்போது குரலில் வரும் நெகிழ்ச்சி எல்லாம் அந்தத் திடலிலிருந்து வந்தவை. ஆண் பிள்ளை பந்தைத் தொடும்போது யாரும் எதிர்காலத்தைக் கேட்பதில்லை. ஆடு என்று விட்டுவிடுகிறோம். பெண் பிள்ளையிடம் மட்டும் முதலில் உத்தரவாதம் கேட்கிறோம். பன்னிரண்டு வயதில் யாரால் அந்த உத்தரவாதத்தைத் தர முடியும்?

இதையெல்லாம் அண்ணனிடம் இவ்வளவு கோவையாகச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். லார்க்கின் கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன். அண்ணி பேச்சை மாற்றினார். சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் கிளம்பினேன். வாசலில் என் காலணிக்குப் பக்கத்தில் அவளுடைய பள்ளிக் காலணி கிடந்தது. இடது காலின் முனை மட்டும் தேய்ந்து வாய் பிளந்திருந்தது.

மூன்று நாள் சத்தமே இல்லை. நானும் கேட்கவில்லை. நான்காம் நாள் காலை நிகழ்ச்சியில் இருந்தபோது, ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் புலனத்தில் அண்ணனிடமிருந்து செய்தி வந்தது.

'பயிற்சி எத்தனை மணிக்கு முடியும்?'

நான் பதில் தட்டுவதற்குள் இன்னொன்று.

'ஏழு மணிக்கு மேல போகும்னா நான் வேலை முடிஞ்சி வந்து ஏத்திக்கிறேன்.'

அப்புறம் இன்னொன்றும் வந்தது.

'இந்தக் காற்பந்துக் காலணி எங்கே வாங்கறது? அவ கால் இன்னும் வளரும்ல, ஒரு அளவு பெருசா வாங்கலாமா?'

பாட்டு முடிய நாற்பது விநாடி இருந்தது. 'பெருசா வாங்காதேண்ணே, ஓடறப்போ கழண்டுக்கும். அவளைக் கூட்டிட்டுப் போய்ப் போட்டுப் பார்த்து வாங்கு' என்று தட்டிவிட்டு, ஒலிவாங்கியைத் திறந்தேன்.